ஓடையில் திணறி நின்ற இன்ஜின்: ஸ்நார்க்கலுக்கு முன் செய்ய வேண்டியவை

கேள்வி: என்னிடம் 2.2 லிட்டர் டர்போ டீசல் இன்ஜின் கொண்ட நான்கு சக்கர இயக்க வண்டி இருக்கிறது. காட்டுப் பாதையிலும் சேற்றிலும் அடிக்கடி ஓட்டுவேன். போன மாதம் ஒரு ஓடையில் கொஞ்சம் வேகமாகவே இறங்கினேன். நடுவில் இன்ஜின் திணறி நின்றுவிட்டது. தண்ணீர் பம்பர் உயரத்துக்குக்கூட இல்லை. உடனே மறுபடி ஸ்டார்ட் செய்து கரையேறிவிட்டேன். வீட்டுக்கு வந்து ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் அடியில் சேற்றுத் தண்ணீர். ஃபில்டர் பாதி நனைந்திருந்தது. அதிலிருந்து காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கொஞ்சம் அதிர்வு தெரிகிறது. நண்பர் ஸ்நார்க்கல் (இன்ஜின் காற்று வாங்கும் வாயைக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோகும் குழாய்) மாட்டச் சொல்கிறார். மெக்கானிக், பெட்டியின் அடியில் இருக்கும் ஓட்டையைச் சிலிகான் வைத்து அடைத்தால் போதும் என்கிறார். ஃபில்டருக்கு மேல் நைலான் காலுறையை மாட்டினால் சேறு வராது என்று இன்னொருவர் சொல்கிறார். எதைச் செய்வது? ஸ்நார்க்கல் மாட்டினால் எவ்வளவு ஆழம் வரை இறங்கலாம்?

பதில்: உங்கள் கேள்விகளுக்குப் போவதற்கு முன், கடிதத்தில் போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரியைப் பற்றிப் பேசியாக வேண்டும். காலையில் தெரிகிற அந்த அதிர்வு. அதைச் சோதித்துப் பார்க்கும்வரை தயவுசெய்து வண்டியை ஓட்டாதீர்கள். நின்றுபோன இன்ஜினைத் தண்ணீருக்குள்ளேயே மறுபடி ஸ்டார்ட் செய்திருக்கிறீர்கள், ஃபில்டரும் நனைந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், சிலிண்டருக்குள் கொஞ்சம் தண்ணீர் போய் பிஸ்டனைக் கீழே சுற்றும் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் ஒன்று லேசாக வளைந்திருக்கலாம் என்ற சந்தேகம் எனக்கு வருகிறது.

எவ்வளவு தண்ணீர் போனால் ராட் வளையும் என்று கணக்குப் போட்டுக் காட்டினால் பலர் நம்புவதில்லை. உங்கள் 2.2 லிட்டர் இன்ஜினில் நான்கு சிலிண்டர் என்றால், ஒன்றுக்கு 550 மில்லி. அமுக்க விகிதம் (காற்று எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது) 16-க்கு 1 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கு மேலே மிஞ்சுகிற இடம் சுமார் 37 மில்லி. இரண்டரை மேசைக்கரண்டி, அவ்வளவுதான். காற்று அந்த இடத்துக்குள் அமுங்கிக்கொள்ளும், தண்ணீர் அமுங்காது. அந்த இடத்தைத் தண்ணீர் நிறைத்துவிட்டால் பிஸ்டனுக்கு மேலே வர வழியில்லை. கீழே கிராங்க் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட ராட் வளைகிறது, அல்லது ஒடிகிறது. இதே அளவு பெட்ரோல் இன்ஜினில் விகிதம் 10-க்கு 1 என்றால் 60 மில்லிக்கு இடம் இருக்கும். அதுமட்டுமில்லை, பெட்ரோல் வண்டியில் பல நேரம் இக்னிஷன் நனைந்து இன்ஜின் முன்னதாகவே நின்றுவிடும். டீசலுக்கு அந்தத் தடை கிடையாது. ஆகவே டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் தண்ணீரில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

லேசாக வளைந்த ராடோடு இன்ஜின் ஓடும். அதுதான் இதில் பயமான விஷயம். ராடின் நீளம் கொஞ்சம் குறைந்துபோவதால் அந்த சிலிண்டரில் மட்டும் அமுக்கம் குறையும். குளிர்ந்த இன்ஜினில் அது சரியாக எரியாமல் அதிர்வாகத் தெரியும், சில நேரம் வெள்ளைப் புகையும் வரும். சூடானதும் சரியாகிவிட்டது போலிருக்கும். ஆனால் வளைந்த இடத்தில் உலோகம் நாளுக்கு நாள் களைத்துக்கொண்டே வருகிறது. ஒருநாள் நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது ராட் ஒடிந்து பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரலாம். ஓடையில் இறங்கியதற்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பது அப்போது யாருக்கும் தோன்றாது.

எனவே முதல் வேலை, நல்ல ஒர்க்‌ஷாப்பில் நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொன்றிலும் எவ்வளவு அமுக்கம் வருகிறது என்று அளக்கும் சோதனை. ஒரு சிலிண்டர் மட்டும் மற்ற மூன்றை விடத் தெளிவாகக் குறைத்துக் காட்டினால், சிலிண்டர் ஹெட்டைத் திறந்து நான்கு பிஸ்டன்களும் உச்சியில் ஒரே உயரத்துக்கு வருகின்றனவா என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். நான்கும் சமமாக இருந்தால் நிம்மதி; அதிர்வுக்கு நனைந்த சென்சாரோ வேறு ஏதோ காரணமாக இருக்கலாம். அதோடு ஆயிலையும் பார்த்துவிடுங்கள். வண்டியை ஓர் இரவு முழுக்க நிறுத்தி வைத்து, காலையில் ஸ்டார்ட் செய்யாமல் ஆயிலை வடிக்க அடியில் இருக்கும் டிரெய்ன் பிளக்கை மெல்லத் தளர்த்தினால், ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். தண்ணீர் கனமானது என்பதால் அடியில் தங்கி முதலில் அதுதான் சொட்டும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் ஆயில் வெளுத்து நுரைத்திருந்தாலும் அதே அர்த்தம்தான்.

இன்ஜின் நலம் என்று உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

ஸ்நார்க்கல், சிலிகான், காலுறை என்று மூன்று பேர் மூன்று யோசனை சொல்லியிருக்கிறார்கள். தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் முக்கியம். இன்ஜின் மூச்சு விடும் பாதை என்பது ஃபில்டர் பெட்டி மட்டும் இல்லை. கிரில்லுக்குப் பின்னாலோ ஃபெண்டருக்குள்ளோ இருக்கும் வாய், அங்கிருந்து பெட்டிக்கு வரும் குழாய், பெட்டி, அதன் மூடி, ஃபில்டரின் ரப்பர் விளிம்பு, காற்றளவு சென்சார், டர்போவுக்குப் போகும் ஹோஸ், காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், அதன் இரண்டு பக்க ஹோஸ்கள், கடைசியில் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டு. டர்போ இல்லாமலே கணக்குப் போட்டாலும் உங்கள் இன்ஜின் 2,000 ஆர்.பி.எம்.மில் நிமிடத்துக்கு 2,200 லிட்டர் காற்றை இழுக்கிறது. இந்தப் பாதையில் எங்கே ஒரு சின்ன விரிசல் இருந்தாலும், அந்த இடம் தண்ணீருக்குள் இருந்தால், இன்ஜின் அதைத் தேடிப் பிடித்து உறிஞ்சும்.

பம்பர் உயரத்துக்குக்கூட இல்லாத தண்ணீர் எப்படி மேலே ஏறியது என்பதற்குப் பெரும்பாலும் காரணம் வேகம்தான். வேகமாக இறங்கினால் வண்டியின் முகம் தண்ணீரைக் குத்தித் தள்ளுகிறது. அது எழும்பி பானெட் மேல் வரை வந்து கிரில் வழியாக உள்ளே பாய்கிறது. ரேடியேட்டர் விசிறி ஓடிக்கொண்டிருந்தால் அந்தத் தண்ணீரை வாரி இன்ஜின் அறை முழுக்க இறைக்கிறது. பல வண்டிகளில் காற்று வாங்கும் வாய் ஹெட்லைட்டுக்குப் பின்னாலேயே இருப்பதால், நிற்கிற தண்ணீரின் ஆழத்துக்கும் வாய்க்கு வந்து சேரும் தண்ணீரின் உயரத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் போய்விடும்.

எந்த வழியாக வந்தது என்பதைச் சேறே உங்களுக்குக் காட்டும். பெட்டியைக் கழுவிவிட்டீர்களா என்று எழுதவில்லை. கழுவாமல் இருந்தால் நல்லது. வாய்க்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கும் குழாயைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். குழாயின் உட்புறம் முழுக்கச் சேற்றுப் புள்ளிகள் இருந்தால் வாய் வழியாக வந்திருக்கிறது. குழாய் சுத்தமாக இருந்து, பெட்டியின் சுவரில் மட்டும் ஒரே மட்டத்தில் சேற்றுக்கோடு தெரிந்தால், அடி ஓட்டை வழியாக ஏறியிருக்கிறது. ஃபெண்டருக்குள்ளிருந்து காற்று வாங்கும் வண்டி என்றால் சக்கர வளைவின் பிளாஸ்டிக் லைனரையும் பாருங்கள். ஒன்றிரண்டு கிளிப் விழுந்து லைனர் விலகியிருந்தால், டயர் இறைக்கிற சேறும் தண்ணீரும் நேரே அந்த அறைக்குள் போகும். புது கிளிப் போட்டாலே தீர்ந்துவிடுகிற பிரச்சினைக்கு ஸ்நார்க்கல் தேடி அலைபவர்கள் உண்டு.

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒரு இடம் ஃபில்டருக்கு அப்பால் இருக்கிறது. காற்றளவு சென்சார் இருக்கும் குழாயின் உள்சுவரை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள், சென்சாரைத் தொடாமல். துணி சுத்தமாக வந்தால் ஃபில்டர் தன் வேலையைச் செய்திருக்கிறது. பழுப்பாக வந்தால், தண்ணீரை விடுங்கள், தினமும் மண் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இனி அந்த மூன்று யோசனைகள்.

அடி ஓட்டையைச் சிலிகான் வைத்து நிரந்தரமாக அடைப்பது எனக்கு உடன்பாடு இல்லை. அந்த ஓட்டையைத் தயாரிப்பாளர் காரணத்தோடுதான் வைத்திருக்கிறார். மழைத்தண்ணீரும் தெறிக்கும் தண்ணீரும் வாய் வழியாகக் கொஞ்சம் வந்துகொண்டேதான் இருக்கும். அது வடிய வழி வேண்டும். அடைத்துவிட்டால் அந்தத் தண்ணீர் பெட்டியிலேயே சேர்ந்து, ஒரு மேட்டில் வண்டி சாயும்போது ஃபில்டரை நனைக்கும். அதே சமயம் மெக்கானிக் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஓட்டை தண்ணீருக்குள் மூழ்கும்போது அதுவே நுழைவாயில் ஆகிவிடுகிறது. இதற்கு நல்ல வழி ஒருவழி ரப்பர் வால்வு. இரண்டு ரப்பர் உதடுகள் ஒட்டியிருக்கும். இன்ஜின் உறிஞ்சும்போது இறுக மூடிக்கொள்ளும், நின்றதும் தேங்கிய தண்ணீரின் எடையில் திறந்து வடியவிடும். சில வண்டிகளில் இது ஏற்கெனவே இருக்கும். உங்கள் வண்டியில் இருக்கிறதா, உதடுகளுக்கு நடுவே காய்ந்த சேறு சிக்கித் திறந்தே நிற்கிறதா என்று பாருங்கள். சேற்றில் ஓடும் வண்டிகளில் இது சகஜம். வால்வு பொருந்தாத பெட்டி என்றால், கையால் கழற்றி மாட்டக்கூடிய ரப்பர் அடைப்பானைத் தண்ணீருக்கு முன் மாட்டி, கரையேறியதும் கழற்றிவிடுங்கள்.

காலுறை யோசனையின் நோக்கம் சரி, பொருள் தவறு. சாதாரணத் துணி நனைந்தால் ஃபில்டரோடு ஒட்டிக்கொண்டு காற்றை அடைக்கும். அதைவிட மோசம், அதன் ஓரம் ஃபில்டரின் ரப்பர் விளிம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டால் ஒரு நூல் அளவு இடைவெளி விழும். அந்த வழியாக வடிகட்டாத காற்று நேரே இன்ஜினுக்குப் போகும். தண்ணீர் ஒட்டாத துணியில் ஃபில்டருக்கென்றே தைக்கப்பட்ட உறைகள் கிடைக்கின்றன. தெறிக்கும் நீரையும் பெரிய தூசியையும் அவை தடுக்கும். பெட்டிக்குள் தண்ணீர் நிறைந்தால் அவற்றாலும் ஒன்றும் ஆகாது. உங்கள் வண்டிக்கு அதைக் கட்டாயம் என்று சொல்ல மாட்டேன்.

ஸ்நார்க்கல்? நீங்கள் ஓட்டும் பாதைகளைப் பார்த்தால், ஆம், மாட்டுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் ஆழத்தில் இறங்குவதற்காக இல்லை. வாயைக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோவதால் இரண்டு நன்மை. முதலாவது, எழும்பும் அலையும் தெறிக்கும் சேறும் வாயை அடையாது. இரண்டாவது நன்மையைப் பலர் யோசிப்பதில்லை: மண் பாதையில் டயர் உயரத்தில் தூசி அடர்த்தியாகப் பறக்கும், கூரை உயரத்தில் அது குறைவு. தண்ணீரைக் கடப்பது எப்போதாவது ஒருமுறை. தூசியோ ஒவ்வொரு பயணத்திலும் உண்டு. முன்னால் நோக்கிய வாய் காற்றைத் தள்ளி இன்ஜினுக்குக் கூடுதல் சக்தி தரும் என்று யாராவது சொன்னால் அதற்காக வாங்காதீர்கள். 100 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று தருகிற கூடுதல் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் அரை சதவிகிதம்கூட வராது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது உள்விட்டம். பழைய குழாயைவிட எங்கேயும் குறுகக் கூடாது. அழகுக்காக வெளியில் பெரிதாகவும் உள்ளே நெருக்கமாகவும் இருக்கிற ஸ்நார்க்கல்கள் உண்டு. ஃபெண்டருக்குள் திரும்பும் முழங்கைப் பகுதியில் விரலை விட்டுப் பாருங்கள். வார்ப்பு மூட்டுகளில் விரிசலோ ஊசித்துளையோ இருக்கிறதா என்பதை, ஒரு முனையை அடைத்துத் தண்ணீர் ஊற்றி வாங்கும் இடத்திலேயே பார்க்கலாம். பொருள் வெயிலைத் தாங்கும் பாலிஎதிலீனாக இருந்தால் நல்லது. மட்டமான பிளாஸ்டிக் வெயிலில் நொறுங்கும், மரக்கிளை ஒன்று இடித்தாலே பிளக்கும்.

தலைப்பகுதியைப் பொறுத்தவரை, முன்னால் நோக்கும் சாதாரணத் தலையில் மழைத்தண்ணீர் வெளியேறப் பின்பக்கமோ அடியிலோ பிளவுகள் இருக்க வேண்டும். அவற்றை எந்தக் காரணத்துக்காகவும் அடைக்காதீர்கள். தூசி மிகுந்த பாதையில் காற்றைச் சுழற்றிக் கனமான துகளை வெளியே எறியும் தலை வைத்தால் ஃபில்டர் நெடுநாள் வரும்.

மாட்டும் வேலையில் அவசரம் வேண்டாம். ஃபெண்டரில் அறுத்த ஓட்டையின் ஓரத்தை ராவி, பிரைமரும் பெயின்டும் பூசாமல் விட்டால் அங்கேயே துரு ஆரம்பிக்கும். அதைவிடப் பெரிய விஷயம், ஃபெண்டருக்குள் மறைந்திருக்கும் மூட்டு. ஸ்நார்க்கலின் உடலும் பெட்டிக்குப் போகும் குழாயும் சேரும் அந்த இடத்தைப் பிறகு யாரும் பார்க்க மாட்டார்கள். நடுத்தண்ணீரில் முழுக்க மூழ்குவதும் அதுதான். பல வண்டிகளில் தொழிற்சாலையே கொடுத்த குழாய் வெறுமனே செருகி நிற்கும். அந்த உயரத்தில் வெறும் காற்றுக்கு அது போதும், தண்ணீருக்குப் போதாது. அங்கே நல்ல கிளாம்ப் வேண்டும், சுற்றிலும் பாலியூரித்தேன் சீலன்ட் வேண்டும். சீலன்ட் குழாயின் உட்பக்கம் பிதுங்கி நின்றால் காய்வதற்கு முன் துடைத்தெடுங்கள். அப்புறம் பெட்டியின் மூடி: அதன் ரப்பர் விளிம்பு தட்டையாகிப் போயிருந்தால் மாற்றுங்கள், கிளிப்புகள் எல்லாமே இறுகப் பிடிக்கின்றனவா என்று பாருங்கள். கூரை வரை ஸ்நார்க்கல் ஏற்றிவிட்டு, கீழே மூடி வழியாகத் தண்ணீர் இழுக்கும் வண்டியை ஓட்டுகிறவர், ஸ்நார்க்கல் இல்லாதவரைவிட அபாயத்தில் இருக்கிறார். இல்லாதவர் பயந்து திரும்பிவிடுவார். இவர் நம்பி இறங்குவார்.

எனவே மாட்டிக் கொடுத்தவர் சொன்ன வார்த்தையை நம்பாமல் நீங்களே சோதியுங்கள். இன்ஜினை நியூட்ரலில் ஐடிலில் ஓடவிட்டு, ஸ்நார்க்கலின் தலையைக் கழற்றி, வாயை ஒரு தட்டையான ரப்பர் ஷீட் ஒட்டிய பலகையால் மூடுங்கள். உள்ளங்கையால் மூட வேண்டாம், உறிஞ்சும் விசை கையைக் காயப்படுத்தும். பாதை முழுக்க இறுக்கமாக இருந்தால் சில நொடிகளில் இன்ஜின் மூச்சடைத்து நின்றுவிடும். நிற்காமல் ஓடினால் எங்கிருந்தோ காற்று கிடைக்கிறது. காதை வைத்துக் கேட்டால் சீறல் வரும் இடம் தெரியும். ஏதாவது ரப்பர் ஹோஸ் உள்ளே ஒடுங்குவதைப் பார்த்தால் உடனே பலகையை எடுத்துவிடுங்கள். இந்தச் சோதனையில் எதிர்பாராத ஒன்றும் அகப்படும். கிராங்க் அறையின் ஆவிக்குழாய் ஃபில்டருக்கு அப்பால் இன்டேக்கில்தான் சேர்கிறது. ஆகவே டிப்ஸ்டிக்கின் ஓ-ரிங்கோ ஆயில் மூடியின் ரப்பரோ தளர்ந்திருந்தாலும் இன்ஜின் நிற்காது. தண்ணீர் நுழைய அதுவும் ஒரு வழி என்பதால் அதையும் சரிசெய்ய வேண்டும். ஸ்மோக் டெஸ்ட் கருவி இருக்கும் ஒர்க்‌ஷாப் கிடைத்தால் இன்னும் நல்லது. குறைந்த அழுத்தத்தில் புகையை உள்ளே செலுத்தினால் கசியும் இடம் கண்ணுக்கே தெரியும்.

டர்போவுக்குப் பிறகு வரும் ஹோஸ்களில் அழுத்தம் இருப்பதால் அங்கே தண்ணீர் நுழையாது என்று சிலர் சொல்வார்கள். வேகமாக ஓடும்போது அது உண்மை. ஆனால் தண்ணீரைக் கடப்பது குறைந்த ஆர்.பி.எம்.மில், அப்போது டர்போ தரும் அழுத்தம் சொற்பம். இன்டர்கூலரோ பல வண்டிகளில் முன்பக்கம், தாழ்வாக, முதலில் மூழ்கும் இடத்தில் இருக்கிறது. அதன் கீழ் ஹோஸின் கிளாம்ப் தளர்ந்திருந்தால் உங்கள் ஸ்நார்க்கல், பெட்டி, ஃபில்டர் எல்லாவற்றையும் தாண்டி நேரே சிலிண்டருக்கு வழி இருக்கிறது. அந்த ஹோஸைச் சுற்றி ஆயில் பிசுக்கு படிந்திருந்தால் அங்கே கசிவு உண்டு என்று சந்தேகப்படுங்கள். உங்கள் வண்டியில் இப்போதே அந்த ஹோஸைக் கழற்றி, இன்டர்கூலரின் அடியில் போன மாதத் தண்ணீர் மிச்சம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். தேங்கிய தண்ணீர் திடீரென ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஒரே மூச்சில் உள்ளே போகும்.

சேற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் தண்ணீருக்கே பயப்படுகிறார்கள். ஈரச் சேறு இன்ஜினுக்குள் போவது அரிது. அது காய்ந்த பிறகுதான் தொல்லை. இன்ஜின் அறையிலும் பெட்டியின் மூடி மேலும் கிளிப்புகளின் இடுக்கிலும் அப்பியிருக்கும் சேறு காய்ந்து, அதிர்வில் உதிர்ந்து, மாவு போல நுண்ணிய தூசியாகிறது. அதில் இருக்கும் சிலிக்கா துகள் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் டர்போவின் சக்கரத்தையும் தேய்க்கும். ராட் வளைவதுபோல ஒரு நொடியில் நடக்காது. ஆயில் குடிப்பதும் இழுவை குறைவதுமாக மெதுவாகத் தெரியும், தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

இதில் எனக்கு மிகவும் கவலை தரும் நேரம், பாதையோரத்தில் பெட்டியைத் திறக்கும் நேரம். சேறு அப்பிய மூடியை அப்படியே தூக்கினால் உதிர்கிற மண் எங்கே விழும்? ஃபில்டரை எடுத்துவிட்டால், இன்ஜினுக்குப் போகும் திறந்த வாய்க்குள். எனவே முதலில் மூடியையும் சுற்றுப்புறத்தையும் ஈரத்துணியால் துடையுங்கள். ஃபில்டரை எடுத்தவுடன் டர்போ பக்கத்து வாயில் சுத்தமான துணியைச் செருகுங்கள். பெட்டியைத் துடைத்து முடித்து, விளிம்பு பதியும் பள்ளத்தை விரலால் தடவி மணல் இல்லை என்று உறுதி செய்த பிறகு துணியை எடுங்கள். எடுத்தோமா என்று இரண்டாவது முறையும் பாருங்கள். காகித ஃபில்டர் சேற்றுத் தண்ணீரில் நனைந்துவிட்டால் காயவைத்துப் போட வேண்டாம். காகிதம் உப்பி, மடிப்புகள் ஒட்டி, கிழியும் நிலைக்கு வந்திருக்கும். உங்கள் நனைந்த ஃபில்டரை இன்னும் மாற்றவில்லை என்றால் இன்றே மாற்றுங்கள். புது ஃபில்டர் ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி வண்டியில் எப்போதும் வைத்திருங்கள். கழுவி எண்ணெய் பூசிப் பயன்படுத்தும் பருத்தி ஃபில்டரைச் சிலர் விரும்புவார்கள். எண்ணெய் அதிகமானால் காற்றளவு சென்சாரில் படிந்து கோளாறு தரும், குறைந்தால் தூசியை விட்டுவிடும். நல்ல காகித ஃபில்டரை அடிக்கடி மாற்றுவதே உங்களுக்குச் சுலபம் என்று நினைக்கிறேன்.

ஃபில்டர் ஓரத்தில் கசிவு உண்டா என்று அறியப் பழைய முறை ஒன்று இருக்கிறது. ஃபில்டருக்கு அப்பாலுள்ள குழாயின் உள்சுவரில், சென்சாருக்கு எட்டாத இடத்தில், கிரீஸை மிக மெல்லிய படலமாகத் தடவுங்கள். ஒரு தூசிப் பயணம் முடிந்ததும் திறந்து பாருங்கள். மண் துகள் ஒட்டியிருந்தால் எங்கோ வழி இருக்கிறது.

வண்டியைக் கழுவும்போது பிரஷர் வாஷரை ஸ்நார்க்கல் வாய்க்கோ பெட்டியின் மூடிக்கோ நேராகக் காட்டாதீர்கள். ஓடையில் போகாத தண்ணீர் அங்கே போய்விடும்.

கடக்கும் முறை பற்றிச் சுருக்கமாக. நடந்து பார்க்க முடியாத தண்ணீரில் வண்டியை இறக்க வேண்டாம். இறங்கும்போது ஊர்ந்து இறங்குங்கள். லோ ரேஞ்சில் (மெதுவாக, கூடுதல் இழுவையோடு போவதற்கான நிலை) ஒரே கியரில், நடக்கும் வேகத்தைவிடச் சற்றே கூடுதலாகப் போனால் முன்னால் ஒரு அலை உருவாகி, அதற்குப் பின்னால் இன்ஜின் அறையில் தண்ணீர் மட்டம் தாழும். அந்த அலையோடு ஒட்டியே போய்க்கொண்டிருங்கள். நடுவில் நின்றால் அலை திரும்பி வந்து அறையை நிறைக்கும். கிரில்லுக்கு முன் தார்ப்பாய்த் துண்டு ஒன்றைக் கட்டிக்கொண்டால் இன்னும் உதவி.

அப்படியும் நின்றுபோனால், சாவியைத் தொடாதீர்கள். போன முறை நீங்கள் செய்ததை மறுபடி செய்ய வேண்டாம். தள்ளியோ இழுத்தோ கியரில் போட்டு ஸ்டார்ட் செய்வது அதைவிடக் கேடு. நியூட்ரலில் வைத்து வெளியே இழுத்து, ஃபில்டரைப் பாருங்கள். அது காய்ந்திருந்து, அப்பாலுள்ள குழாயும் இன்டர்கூலரும் காய்ந்திருந்தால் வேறு காரணம். ஈரம் இருந்தால் கிளோ பிளக்கையோ (சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்) டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையோ கழற்றி, இன்ஜெக்‌ஷன் வேலை செய்யாதபடி இணைப்பைப் பிடுங்கி, முதலில் கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்ற வேண்டும். தடையில்லாமல் சுற்றினால் பிறகு ஸ்டார்ட்டரால் சுற்றித் தண்ணீரை வெளியே தள்ளலாம். முகத்தை அந்தத் துளைகளுக்கு நேரே வைக்கக் கூடாது. இது அனுபவமுள்ள மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை. பக்கத்தில் ஆள் இல்லையென்றால் கட்டி இழுத்துக்கொண்டு வருவதே மேல்.

டிஃபரன்ஷியல், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆகியவற்றின் ஆவித்துளைகளையும் குழாய் போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள். இவற்றின் சூடான கூடு குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். ஸ்நார்க்கல் மாட்டும் அன்றே அதையும் சேர்த்துச் செய்துவிடலாம்.

கடைசியாக, எவ்வளவு ஆழம். ஸ்நார்க்கலின் வாய் கூரையில் இருப்பதால் கூரை வரை இறங்கலாம் என்று ஆகாது. தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் எண்தான் ஸ்நார்க்கலுக்குப் பிறகும் உங்கள் எல்லை. டொயோட்டா ஹைலக்ஸுக்கு 700 மி.மீ., ஃபோர்டு ரேஞ்சருக்கு 800 மி.மீ., ஏர் சஸ்பென்ஷன் உள்ள புதிய லேண்ட் ரோவர் டிஃபெண்டருக்கு 900 மி.மீ. என்று கொடுத்திருக்கிறார்கள். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், வயரிங் இணைப்புகள், கதவு ரப்பர் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்ட எண்கள் அவை. இன்டேக் அவற்றில் ஒன்று மட்டுமே. அதுவும் மெதுவாகக் கடந்தால்தான். ஓடும் தண்ணீருக்கு இந்த எண்கள் பொருந்தாது. வேகமாக ஓடும் 30 செ.மீ. நீர் சிறிய கார்களை அடித்துச் செல்லும், 60 செ.மீ. பெரிய வண்டிகளையும் நகர்த்திவிடும். ஸ்நார்க்கல் அந்த விசையைக் கொஞ்சமும் குறைக்காது.

உங்கள் வண்டியின் கையேட்டில் அந்த எண்ணைத் தேடி எடுங்கள். ஆழம் பார்க்கக் கொண்டுபோகும் கம்பில் அந்த உயரத்துக்கு 10 செ.மீ. கீழே ஒரு கோடு போடுங்கள். நடந்து பார்க்கும்போது எங்கேயாவது தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் வேறு பாதை பாருங்கள். கம்ப்ரஷன் டெஸ்ட் முடிவு வந்ததும் நான்கு சிலிண்டர்களின் அளவையும் எனக்கு எழுதுங்கள்; எது குறைந்திருக்கிறது, எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை வைத்து அடுத்த வேலையைச் சொல்கிறேன்.